தாம்பரத்து வீட்டுக்கு எந்தப் பாண்டம்?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பாண்டம் என்னும் சிறிய அலங்காரக் கோழிகளைப் பார்த்ததும் ஒரு ஜோடி வாங்கிவிடத் தோன்றும். வாங்கும் முன் உங்கள் வீட்டுத் தரையை நினைத்துப் பாருங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அவ்வளவு வராத ஆண்டிலும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கத்துத் தாழ்வான மனைகளில் ஈரம் காய்வதில்லை. அழகைப் பார்த்து ரகம் பிடித்தவர்கள் மழைக்காலத்தில்தான் சங்கடப்படுகிறார்கள்.

சில்க்கி ரகத்தின் குணம் தங்கம். குழந்தைகள் தூக்கினால் அப்படியே மடியில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதன் இறகிழைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்பதில்லை. பஞ்சுபோல் பிரிந்திருப்பதால் மழைநீர் வழியாமல் தோல்வரை இறங்கிவிடும். நனைந்த சில்க்கியைத் துடைத்துக் காயவைக்காவிட்டால் குளிரில் ஒடுங்கிவிடும். சாரல் அடிக்காத கூரை இருந்தால் மட்டும் இதை வாங்குங்கள்.

கொச்சின் பாண்டத்துக்குக் கால் நிறைய இறகு. சேற்றில் நடந்தால் விரலிடுக்கில் மண் உருண்டு, காய்ந்து, இறுகிப்போகும். சிமென்ட் தரையில் உமி பரப்பி வளர்த்தால் தொல்லையில்லை. ஜப்பான் பாண்டத்தின் கால் மிகக் குட்டை, ஈரத்தரையில் வயிறும் நனையும். குஞ்சு எடுக்க ஆசைப்பட்டால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால், கருக்களில் ஏறக்குறைய கால்பங்கு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். ஜோடியில் ஒன்று சற்று நீண்ட காலுள்ளதாக இருக்கட்டும்.

மண்தரையும் மரமும் உள்ள வீட்டுக்கு என் தேர்வு நம் சிறுவிடைதான். பாண்டம் அளவுக்குச் சிறியதில்லை, அந்த அலங்காரமும் இல்லை. ஆனால் நன்றாக அடை காக்கும், தானே மேயும், கீரி வந்தால் கிளைக்குப் பறந்துவிடும்.

மாடியா, தரையா? மழைக்கு மாடி நல்லது. கத்திரி வெயிலில் அதே மாடி கொதிக்கும். மாடியில் வைப்பதென்றால் கூண்டின் தகரக் கூரை மேல் தென்னங்கீற்று போடுங்கள். தரையில் வைத்தால் கூண்டைச் செங்கல் மேல் உயர்த்தி, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் அடியுங்கள். சாதாரணக் கோழிவலையைப் பெருச்சாளி கடித்தே உள்ளே வரும்.

குஞ்சாக வாங்கினால் சேவலா பெட்டையா தெரியாது, தடுப்பூசி போட்டதா என்பதற்கும் உறுதி இல்லை. மூன்று, நான்கு மாத விடைக்கோழியே மேல். கையில் எடுத்து, எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளையாகத் திரண்டு ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை. அங்கே எச்சம் அப்பியிருந்தாலோ, மூக்கில் நீர் வடிந்தாலோ அந்தப் பறவை வேண்டாம்.

வீட்டில் முன்பே கோழி இருந்தால் புதியதை ஒரு மாதமாவது தனியாக, தனித் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வையுங்கள். பழைய கோழிக்கு முதலில் தீனி போட்டுவிட்டுக் கடைசியாக இதனிடம் வாருங்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் நம் செருப்பு வழியாகவும் பரவும். விற்றவர் கொடுத்த தீனியையே முதல் சில நாள் கொடுத்து, மெல்ல மாற்றுங்கள்.

வீட்டில் வேறு கோழி இல்லாவிட்டாலும் முதல் வாரம் முழுக்கக் கூண்டிலேயே இருக்கட்டும். பிறகு திறந்துவிடும் நாளில் காலையில் விடாதீர்கள். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, பசியோடு விடுங்கள். இருட்டுவதற்குள் தீனியைத் தேடித் தானாகக் கூண்டுக்கு வந்துவிடும்.

பயணக் களைப்பு நீங்கியபின் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை முகாமிலும் போடுகிறார்கள். மழைக்காலத்தில் கொசுவால் கோழியம்மை பரவும், கூண்டுக்குக் கொசுவலையும் கட்டுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் சேவலே வேண்டாம். பெட்டை சேவல் இல்லாமலும் முட்டையிடும்.