மலையிறங்கும் பல்வலி

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சாமை விளையும் இச்சரிவுகளில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். இங்குள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுடைய வைணு பாப்பு தொலைநோக்கி அமைந்துள்ளது. விண்மீனைக் காண வானியலார் மலையேறி வருகின்றனர். சொத்தைப் பல்லைக் காட்டவோ மலைமக்கள் பெரும்பாலும் மலையிறங்க வேண்டியுள்ளது.

மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் பற்சிப்பி. எனினும் அழிந்த பற்சிப்பி மீண்டும் வளர்வதில்லை. வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை உண்டு வெளியிடும் அமிலம் அதனை அரிக்கிறது. குழி சிறிதாக இருக்கும்போது ஒரே அமர்வில் அடைத்துவிடலாம். ஆனால், அந்நிலையில் வலி இருப்பதில்லை. வலிக்காத பல்லுக்காக எவர் பேருந்து ஏறுவார்? வலி உறுத்தத் தொடங்கும்போது அரிப்பு பெரும்பாலும் பற்கூழை எட்டியிருக்கும். பல்லைக் காக்க வேர்ச் சிகிச்சையும் அதன்மேல் உறையும் வேண்டும். அதற்குப் பலமுறை மருத்துவரை நாட நேரிடும். பிடுங்குவதற்கோ ஒருமுறை போதும்.

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்க் கூலித் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். போளூருக்கோ திருப்பத்தூருக்கோ சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியும் போகும். அரசு மருத்துவமனை பணம் கேளாவிடினும் பயணம் கேட்கும்; தனியார் மருத்துவமனை இரண்டையும் கேட்கும். ஆகவே அவர், “பிடுங்கிவிடுங்கள், ஐயா” என்கிறார். இதனை அறியாமை என்பது தவறு. அவர் தெளிவாகக் கணக்கிட்டே பேசுகிறார்.

பல்வலி பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. அதனால் நிதி ஒதுக்கீட்டிலும் அது பின்வரிசையில் நிற்கிறது. செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய நலப்பணி முதலில் செயற்பற்களையும் இலவசமாக வழங்கியது. தேவை பெருகவே 1951இல் அவற்றுக்குக் கட்டணம் விதிக்க அரசு முற்பட்டது. அதனை எதிர்த்து, அப்பணியை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், குருதி அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு செல்கிறது. பல் மருத்துவத்தை அவ்வாறு பையில் வைத்துச் செல்ல இயலாது. நாற்காலி, விளக்கு, துளைக்கருவி, மின்சாரம், நீர் எனத் தேவைகள் பல. இத்தடையைத் தாண்டும் ஒரு முறை 1980களில் தான்சானியாவில் உருவானது. மின்சாரமின்றிக் கைக்கருவிகளால் சொத்தையைச் சுரண்டியெடுத்து, கண்ணாடி அயனோமர் சிமெண்டால் குழியை அடைப்பதே அது. அச்சிமெண்டு புளோரைடைக் கசியவிட்டுப் பல்லைக் காக்கவும் செய்யும். உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பற்கூழை எட்டிய சொத்தைக்கு இம்முறை உதவாது. ஆனால், மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளியின் தாழ்வாரத்தில் ஒரு மேசையைப் போட்டு, வலி தொடங்கும் முன்னரே சிறுவர்களின் பற்களை அடைத்துவிட அது போதும்.