பழைய கணினியிலிருந்து புதியதற்குக் கணக்கு மாற்றம்

மட்டாஞ்சேரி யூதத்தெருவின் மிளகுக் கடைகளில் கணக்கு பேரேட்டில் இருந்த காலத்தில், ஒரு பேரேடு நிறைந்தால் இருப்புகளை அடுத்ததில் எடுத்தெழுதிவிட்டுப் பழையதைப் பத்திரப்படுத்துவர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றமையால், கணினியில் கணக்கெழுதும் வணிகர்க்கும் இவ்வேலை இப்போது வந்துள்ளது.

டேலியின் திரைச்சின்னத்தை மட்டும் நகலெடுப்பதால் பயனில்லை. கணக்குகள், எண்களையே பெயராகக் கொண்ட கோப்புறைகளில் தனியே உள்ளன. அவற்றின் காப்பு நகலை வெளி வன்தட்டில் எடுத்து, புதிய கணினியில் மீட்டெடுக்க வேண்டும். பின்னர் இருப்பாய்வை இரு திரைகளிலும் ஒப்பிடுக. ஒரு ரூபாய் வேறுபட்டாலும் பழைய கணினியைக் கைவிட வேண்டா. மின்னொப்பச் சான்றிதழ் யுஎஸ்பி டோக்கனுக்குள் இருப்பதால் நகலாகாது. டோக்கனைப் புதிய கணினியில் செருகி, அதற்குரிய மென்பொருளை நிறுவினால் போதும்.

உலாவியில் சேமித்த வங்கிக் கடவுச்சொற்களைக் கொண்டுவர வேண்டா என்பதே எம் கருத்து. (சேமித்திருக்கவே கூடாது என்பது வேறு செய்தி.)

ஜிஎஸ்டி சட்டப்படி, அவ்வாண்டின் ஆண்டறிக்கைக்குரிய கெடுநாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைக் காத்தல் வேண்டும். ஆகவே ஒரு நகல் கடைக்கு வெளியே இருக்கட்டும். காயலோரக் கட்டடங்களில் ஈரமும் ஓர் எதிரி.

பழைய கணினியை விற்குமுன் கோப்புகளை நீக்கினால் மட்டும் போதாது. நீக்கியவற்றை மீட்க வல்ல மென்பொருள்கள் உண்டு. மீட்டமைப்பின்போது வட்டை முழுமையாகத் துடைக்கும் தெரிவையே தேர்ந்தெடுக்கவும்.