பிள்ளைகளுடன் ஆவணப் படம் பார்க்கும் முன்



சினிமாவுக்குக் கதவை அடைத்து வைத்திருக்கும் பெற்றோர்கூட, விலங்குகளைப் பற்றியோ கடலைப் பற்றியோ எடுத்த ஆவணப் படம் என்றால் மறுப்புச் சொல்வதில்லை. "இதில் ஆட்டமில்லை, பாட்டில்லை, அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு பிள்ளைகள் வியக்கட்டும்" என்று எண்ணிப் படத்தை ஓட விட்டுவிட்டு, அடுக்களைக்கோ கடைக்கோ போய் விடுகிறோம். எண்ணம் நல்லதே. ஆனால் ஆபாசம் இல்லை என்பதாலேயே ஒரு படம் உண்மையானதாகி விடாது. ஒரு தவறு செய்த பிறகே இதை நாம் உணர்ந்தோம். பிறருக்குப் பயன்படட்டும் என்று அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

நாம் செய்த தவறு

எட்டு வயதான நம் மகளுடன் ஒரு நாள் 'ஒயிட் வில்டர்னஸ்' என்னும் பழைய படத்தைப் பார்த்தோம். வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1958-ல் வெளியிட்ட படம். ஆஸ்கார் பரிசும் பெற்றது. வட துருவத்தை ஒட்டிய குளிர்ப் பிரதேசங்களில் வாழும், எலி போன்ற லெம்மிங் என்னும் சிறு பிராணிகள் கூட்டங் கூட்டமாக ஓடி வந்து, செங்குத்தான பாறையிலிருந்து நீரில் விழுந்து மாள்வதாக அதில் ஒரு காட்சி வருகிறது.

"ஏன் வாப்பா இதெல்லாம் குதிக்குது?" என்று மகள் கேட்டாள்.

"முன்னால் போவது எங்கே போகிறது என்று பாராமல் பின்னாலேயே போனால் இதுதான் கதி, மகளே. மனிதருக்கும் அப்படித்தான்" என்று ஓர் உபதேசமே செய்து முடித்தோம். அவளும் அதை மனத்தில் பதித்துக் கொண்டு, மதரஸாவில் தன்னுடன் ஓதும் தோழிகளுக்கெல்லாம் சொல்லி விட்டாள்.

சில மாதங்கள் சென்றபின் அக்காட்சியின் வரலாறு நமக்குத் தெரிய வந்தது. கனடா நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி. 1982-லேயே அதை வெளிப்படுத்தியிருக்கிறது. படம் பிடித்த ஆல்பர்ட்டா மாகாணத்திற்குக் கடற்கரையே கிடையாது. லெம்மிங்குகளை வேறிடத்திலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டு வந்திருக்கிறார்கள். இருந்த சிலவற்றையே பல கோணங்களில் எடுத்துப் பெருங்கூட்டம் போலக் காட்டியிருக்கிறார்கள். முடிவில் அவற்றைத் தாங்களே நீரில் தள்ளியிருக்கிறார்கள். லெம்மிங் தற்கொலை செய்து கொள்ளும் பிராணி அல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகை மிகப் பெருகும்போது அவை இடம் தேடிப் புறப்படுகின்றன. ஆற்றையோ ஏரியையோ நீந்திக் கடக்கையில் சில மூழ்கி இறப்பதுண்டு. நடப்பது அவ்வளவே.

மகளை அழைத்து உண்மையைச் சொன்னோம். "அப்ப, அதுங்களத் தள்ளி விட்டது மனுஷங்களா வாப்பா?" என்று கேட்டாள். ஆம் என்பதைத் தவிர நம்மிடம் பதில் இல்லை. பாராமல் பின்னால் போகலாகாது என்று பிள்ளைக்குப் பாடம் சொன்ன நாமே பாராமல் போயிருந்தோம்.

சொன்னவர் யார்?

ஹதீஸ் கலை இமாம்கள் ஒரு செய்தியைக் கேட்டவுடன் ஏற்று விடவில்லை. அறிவித்தவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், அவருடைய நினைவாற்றலும் வாய்மையும் எத்தகையவை என்று துருவி ஆராய்ந்தார்கள். கேட்க இனிக்கிறது, நல்ல பாடம் தருகிறது என்பதற்காக மட்டும் ஒன்றை அவர்கள் ஏற்றதில்லை. இந்தப் பழக்கத்தை வீட்டில் ஓடும் படத்திற்கும் நாம் கைக்கொள்ள வேண்டும்.

கண்ணில் படுவது ஒன்று. காதில் விழும் விளக்கம் மற்றொன்று. இரண்டையும் பிரித்தறியப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். பெங்குவின் பறவைகளைப் பற்றி 2005-ல் வெளிவந்த பிரெஞ்சுப் படம் இதற்கு நல்ல உதாரணம். பிரெஞ்சு மொழியில் பெங்குவின்களே தங்கள் கதையைப் பேசுவதாக மனிதக் குரல்களைச் சேர்த்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அவற்றை நீக்கிவிட்டு, ஒருவர் வெளியே நின்று விளக்குவதாக அமைத்தார்கள். படம் ஒன்றே; பேச்சு இரண்டு. ஆண் பெங்குவின் கடுங்குளிரில் ஏறத்தாழ இரண்டு மாதம் இரையின்றி முட்டையைத் தன் பாதங்களின்மேல் வைத்துக் காப்பது உண்மை. அது மனத்தில் என்ன நினைத்தது என்பது எழுதியவரின் கற்பனை.

அதற்காக, ஏற்பாடு செய்து எடுத்ததெல்லாம் மோசடி என்று சொல்வதற்கில்லை. பி.பி.சி. 2011-ல் ஒளிபரப்பிய ஒரு தொடரில், துருவக் கரடி பனிக் குகைக்குள் குட்டிகளுடன் இருக்கும் காட்சியை ஒரு மிருகக்காட்சி சாலையில்தான் எடுத்தார்கள். காட்டுக் கரடியின் குகைக்குள் காமிராவை வைத்தால் தாய்க்கும் குட்டிக்கும் ஆபத்து. அதை அவர்கள் இணையதளத்தில் சொல்லியிருந்தார்கள். படத்தின் விளக்கத்தில் சொல்லவில்லை. அதனால் இங்கிலாந்தில் பெரும் சர்ச்சை எழுந்தது. குட்டி குட்டிதான், இடம்தான் வேறு. லெம்மிங் காட்சியிலோ நடந்ததே பொய். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

கைக்கொள்ள வேண்டியவை

1. பிள்ளைகளுக்குக் காட்டுமுன் நாம் ஒரு முறை முழுவதும் பார்த்து விட வேண்டும். வேட்டைக் காட்சிகளும் குட்டிகள் இறக்கும் காட்சிகளும் எங்கே வருகின்றன என்று முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

2. எடுத்தவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பார்க்க வேண்டும். கடைசியில் ஓடும் எழுத்துக்களையும் விடலாகாது. நன்றி சொல்லும் இடத்தில் மிருகக்காட்சி சாலையின் பெயர் வருவதுண்டு.

3. முதலில் நமக்குத் தெரிந்த மண்ணைப் பற்றிய சிறு படமாகத் தேர்வது நலம். 2023-ல் ஆஸ்கார் பெற்ற 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' நம் முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமில் எடுத்தது. ஏறத்தாழ 40 நிமிடம்தான். தாயை இழந்த ரகு என்னும் யானைக் குட்டியைப் பொம்மன், பெள்ளி இருவரும் வளர்க்கிறார்கள், பேச்சும் தமிழே. ஆனால் ரகுவை அவர்களிடமிருந்து பிரிக்கும் கட்டம் ஒன்று வருகிறது. இளம் பிள்ளைகள் அழுவார்கள், பக்கத்தில் இருங்கள்.

4. கூடவே உட்கார்ந்து பாருங்கள். இடையில் நிறுத்தி, "இதைத் தொலைவிலிருந்து எடுத்தால் காலடி ஓசை எப்படிக் கேட்கும்?" என்று கேளுங்கள். அத்தகைய ஓசைகளைப் பெரும்பாலும் பின்னர் சேர்க்கிறார்கள் என்று அறிந்தால் பிள்ளைகளின் ஆர்வம் கூடுமே தவிரக் குறையாது.

5. மஃரிபு பாங்குக்கு முன் முடியும்படி தொடங்குங்கள். பாதியில் நின்றாலும் படம் ஓடிப் போகாது. தொழுகை நேரம் போய் விடும்.

6. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தவறாகச் சொல்லி விட்டால் பிள்ளையிடம் திருத்திச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் சொல்லின்மேல் அவர்கள் வைக்கும் நம்பிக்கையும் அதில் அடங்கும்.

நம் மகள் மதரஸாவுக்குச் சென்று, தான் சொன்னது தவறு என்று தோழிகளிடம் தானே சொல்லி விட்டு வந்தாள். இப்போது எந்தப் படத்தைப் போட்டாலும், "இது நெசமா எடுத்ததா வாப்பா?" என்பதே அவளுடைய முதல் கேள்வி. பல வேளைகளில் நமக்குப் பதில் தெரிவதில்லை. இருவரும் சேர்ந்து தேடுகிறோம்.

உண்மையை உண்மையாகக் காணும் பார்வையை நமக்கும் நம் மக்களுக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.