தாமானுக்குப் போன பிறகு நடக்க எங்கே போவது?



60 வயதில் ஓய்வு பெற்று, லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போகிறவர்கள் நம்மில் அதிகம். தோட்டமே விற்கப்பட்டு, குடும்பம் குடும்பமாக அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களும் உண்டு. போன இடத்தில் எல்லா வசதியும் இருக்கிறது. படி இறங்கினால் கடை, ஏறினால் வீடு, உட்கார்ந்தால் தொலைக்காட்சி. ஆனால் ஆறு மாதம் கழித்து ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது என்ன சொல்கிறார்கள்? "கால் எரியுது ஐயா, படி ஏறினா மூச்சு வாங்குது, ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது."

இதற்குப் பல காரணம் இருக்கலாம். கிளினிக்கில் காட்டத்தான் வேண்டும். ஆனால் நாம் கவனிக்காத ஒரு காரணம் உண்டு. நடை நின்று போனதுதான் அது.

தோட்டத்தில் நீங்கள் எவ்வளவு நடந்தீர்கள் என்று ஒருநாளாவது எண்ணிப் பார்த்ததுண்டா? விடியுமுன் பிரட்டுக்கு நடை, பிறகு மரத்துக்கு மரம் நடை, பால் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடை. பிள்ளையைப் பள்ளியில் விட, கோயிலுக்கு, கடைக்கு, எல்லாம் நடைதான். அந்த உடம்பு திடீரென்று நான்காம் மாடியில் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? சாப்பாடு மட்டும் அதே அளவு. செலவாகாத சர்க்கரை இரத்தத்தில் தங்குகிறது. இடுப்பு பெருக்கிறது, முழங்கால் இறுகுகிறது.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதும் பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. மருந்தும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் எவ்வளவு அவசியமோ, நடையும் அவ்வளவு அவசியம்.

எவ்வளவு நடந்தால் போதும்?

பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிட ஓட்டமும் விளையாட்டும் வேண்டும்.

வேகம் எப்படி? பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். கடிகாரமும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

"இன்னும் வேலையில்தான் இருக்கிறோம், நாள் முழுக்க நடக்கிறோம், எங்களுக்கு எதற்குப் பூங்கா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுமையோடு குனிந்து நிமிர்ந்து, நேரத்துக்கு வேலையை முடிக்கவேண்டுமே என்ற கவலையோடு நடப்பது வேறு. கை வீசி, மூச்சை இழுத்து விட்டு, வீட்டாரோடு பேசிக்கொண்டு நடப்பது வேறு. உங்களுக்கு அது மனத்துக்கு ஓய்வு. உங்கள் வீட்டில் தையல் இயந்திரத்தின் முன்னும் கைப்பேசியின் முன்னும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது உடம்புக்கு வேலை. ஆகவே குடும்பத்தோடு போங்கள்.

தாமான் என்றால் என்ன?

"தாமானில் வீடு வாங்கிவிட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறோம். மலாய் மொழியில் தாமான் என்றால் பூங்கா, தோட்டம் என்றுதான் பொருள். அந்தப் பெயருக்கு ஏற்ற பச்சை நிலம் ஒவ்வொரு தாமானிலும் கொஞ்சமாவது இருக்கவேண்டும். புதிய வீடமைப்புத் திட்டங்களில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கவேண்டும் என்பது நம் நாட்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டி. ஆகவே குடிபோன வாரத்திலேயே அந்த இடம் எங்கே என்று தேடிக் கண்டுபிடியுங்கள். விளையாட்டுத் திடலாக இருக்கலாம், கால்வாய் ஓரத்து நடைபாதையாக இருக்கலாம், ஓர் ஏரியாகவும் இருக்கலாம்.

கண்டுபிடித்தபின், அது உங்களுக்கு ஏற்றதா என்று இந்த ஆறு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. எவ்வளவு தூரம்? வீட்டிலிருந்து 10, 15 நிமிடத்தில் நடந்தே போகக்கூடியதுதான் முதல்தரமான பூங்கா. மகன் காரில் ஏற்றிப் போகவேண்டிய பூங்கா எவ்வளவு அழகாக இருந்தாலும் மாதம் ஒருமுறைதான். உடம்புக்குப் பலன் தருவது தினம் போகும் இடமே.

2. சாலையைக் கடப்பது எப்படி? நடுவில் பெரிய சாலை இருந்தால் மேம்பாலமோ விளக்குச் சந்திப்போ இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்து மண் சாலையில் நடந்து பழகிய கால்களுக்குப் பட்டணத்து மோட்டார் சைக்கிள் வேகம் புதிது. அவசரப்படக்கூடாது.

3. நிழல் உண்டா? சிமெண்டுப் பாதை மட்டும் இருந்து மரம் இல்லாவிட்டால், காலை 9 மணிக்கே சூடு தாங்காது. நிழல் இல்லாத இடமாக இருந்தால் காலை 7 மணி முதல் 8 மணி வரை, அல்லது மாலை 5 மணிக்குமேல் போங்கள்.

4. பாதை எப்படி? சமமாக, வழுக்காமல் இருக்கவேண்டும். மழைக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். பாசி பிடித்த பாதை வயதானவர்களுக்கு ஆகாது. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழுந்து நடமாடுவது பெரும் பாடு.

5. உட்கார இடமும் கழிப்பறையும் உண்டா? இது சின்ன விஷயம் இல்லை. இனிப்பு நீர் உள்ளவர்களும், இரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அடிக்கடி சிறுநீர் கழிக்கவேண்டியிருக்கும். அந்தக் கூச்சத்திலேயே வெளியே போகாமல் இருக்கும் பாட்டிமார்கள் பலர். கழிப்பறை இல்லாவிட்டால் வீட்டுக்கு அருகிலேயே சுற்றிச் சுற்றி நடங்கள்.

6. ஆள் நடமாட்டம் உண்டா? பெண்கள் தனியாகப் போகும்போது விளக்கும் வேண்டும், ஆளும் வேண்டும். இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் நேரம் பேசி வைத்துக்கொண்டு சேர்ந்து போவது நல்லது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

ஆறுக்கும் 'ஆம்' என்று பதில் வரவேண்டியதில்லை. நான்கு வந்தாலே நல்ல இடம்தான். ஆனால் இரண்டாவதிலும் நான்காவதிலும் 'இல்லை' என்று வந்தால் வேறு இடம் பாருங்கள்.

எந்த இடம் யாருக்கு?

கிள்ளான் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். நம் மக்களில் பலர் பிள்ளைகளோடு வந்து சேரும் பகுதி அது. பெட்டாலிங் ஜெயா 1950-களில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டத்து நிலத்தில் எழுந்த நகரம். 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாம், முன்பு சுங்கை ரெங்கம் தோட்டம். பால் மரமும் செம்பனையும் நின்ற மண்தான் இன்று வீடும் தொழிற்சாலையுமாக மாறியிருக்கிறது. அங்கே மிஞ்சியிருக்கும் பச்சை இடங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வீட்டருகுத் திடல். இதற்குப் பெயரும் புகழும் இருக்காது. ஆனால் தினசரி மருந்து இதுதான். திடலை எத்தனை முறை சுற்றினோம் என்று எண்ண வேண்டாம், நேரத்தைப் பாருங்கள். பிள்ளைகள் நடுவில் பந்து விளையாடட்டும், நீங்கள் ஓரத்தில் சுற்றுங்கள்.

இரண்டாம் வகை, ஏரிப் பூங்கா. பெட்டாலிங் ஜெயாவில் தாமான் ஜெயா பூங்கா இருக்கிறது. அதே பெயருள்ள எல்.ஆர்.டி. நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் கார் இல்லாதவர்களும் போகலாம். ஷா ஆலாமில் நீல மசூதிக்கு அருகே நகர நடுவில் ஏரிப் பூங்கா உள்ளது. பொதுவாக ஏரியைச் சுற்றிய பாதை சமமாக இருக்கும், உட்கார இடமும் இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கும், இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று மருத்துவர் 'நடக்கலாம்' என்று சொன்னவர்களுக்கும் இந்த வகை ஏற்றது. மற்ற மாநிலத்தவர்களுக்குத் தைப்பிங் ஏரிப் பூங்காவைத் தெரியாமல் இருக்காது. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைப் பூங்காவாக்கியது அது. ஈப்போவில் டி.ஆர்.சீனிவாசகம் பூங்கா உண்டு, சிரம்பானிலும் ஏரிப் பூங்கா உண்டு.

மூன்றாம் வகை, மலையும் காடும். பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய புக்கிட் காசிங் இதற்கு உதாரணம். அங்குள்ள சிவன் கோயிலுக்குப் போனவர்கள் அந்த மலையைப் பார்த்திருப்பீர்கள். காட்டுப் பாதையில் ஏற்றம் இறக்கம் உண்டு, வேர்கள் தட்டும், மழைக்குப் பின் வழுக்கும். வாலிபப் பிள்ளைகளுக்கு நல்லது. முழங்கால் தேய்ந்தவர்கள் அடிவாரத்தோடு நின்றுகொள்வதே அறிவுடைமை.

விடுமுறையில் குடும்பத்தோடு போக ஷா ஆலாமின் தேசியத் தாவரவியல் பூங்காவும் கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. இரண்டிலும் நுழைவுக் கட்டணம் உண்டு. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துப் போங்கள். கெப்போங் காட்டைப் பற்றி ஒரு சேதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920-களிலிருந்து மனிதர் கையால் மரம் நட்டு வளர்த்த காடு அது. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பாழ்பட்ட நிலமே தேறும்போது நம் உடம்பு தேறாதா?

போகுமுன் கவனிக்கவேண்டியவை

நெஞ்சு வலி, நடந்தால் மயக்கம், கால் புண், கட்டுக்குள் வராத இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெடுநாள் நடக்காதவர்கள் முதல் வாரம் 10 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போங்கள்.

இனிப்பு நீருக்கு இன்சுலின் ஊசி போடுகிறவர்களும் சிலவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பசியாறாமல் நடக்கக்கூடாது. சட்டைப் பையில் நாலைந்து மிட்டாய் இருக்கட்டும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டால் உடனே உட்கார்ந்து மிட்டாயைச் சாப்பிடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் சாப்பிட்டு, உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதையைப் பார்த்திருப்பீர்கள். வெறுங்காலோடு நடந்தால் நல்லது என்று பலர் நடக்கிறார்கள். இனிப்பு நீரால் பாதம் மரத்துப் போனவர்கள் அதில் ஏறவே கூடாது. கல் குத்தினாலும் தெரியாது, வெயிலில் சுட்டாலும் தெரியாது. அந்தச் சிறு காயமே விரலை எடுக்கவைக்கும். மூடிய காலணியும் காலுறையும் போட்டுக்கொண்டு, வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது பெரும்பாலும் விடிந்த பிறகும் பொழுது சாயுமுன்பும்தான். நாம் நடக்கும் நேரமும் அதுவே. நீளக் கைச் சட்டை போட்டு, கொசு விரட்டித் தைலம் பூசிக்கொள்ளுங்கள்.

மாலையில் இடி கேட்டால் நடையை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடவேண்டும். மரத்தடியும், சுவர் இல்லாத கொட்டகையும் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

நடக்கும்போது நெஞ்சை அழுத்துவதுபோல் வலித்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ உடனே உட்காருங்கள். 999-க்கு அழைக்கச் சொல்லுங்கள். "வாயுவாக இருக்கும்" என்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

விளக்கு எரியாவிட்டால்?

உங்கள் தாமானில் திடல் இருந்தும் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறதா? விளக்கு எரியவில்லையா? ஊஞ்சல் அறுந்து கிடக்கிறதா? முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடாதீர்கள். நகராண்மைக் கழகத்துக்கோ மாநகர் மன்றத்துக்கோ எழுதுங்கள். ஒருவர் எழுதினால் அது ஒரு கடிதம். ஒரு மாடியில் உள்ள எல்லாரும் கையெழுத்திட்டால் அது கோரிக்கை. சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும் என்பதைத் தொழிற்சங்கக் குடும்பத்தாருக்கு நான் சொல்லவா வேண்டும்? இடத்தின் பெயர், பழுது, பார்த்த தேதி ஆகியவற்றை எழுதி, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவையும் அம்மாவையும் தோட்டத்திலிருந்து அழைத்துவந்து நல்ல மெத்தையும் நல்ல சாப்பாடும் கொடுத்திருக்கிறீர்கள். சந்தோஷம். முதல் வாரத்தில் மட்டும் ஒரு மாலை அவர்களோடு கீழே இறங்கி நடந்து, வழியைக் காட்டிக்கொடுங்கள். எங்கே கடக்கவேண்டும், எங்கே கழிப்பறை, எந்தத் தொகுதி நம் வீடு என்று தெரிந்துவிட்டால் அவர்களே போய்வருவார்கள். உங்கள் தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவர்கள் பையில் போடுங்கள். எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருக்கும் ஊரில் வழி தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தினாலேயே படி இறங்காமல் இருப்பவர்கள் உண்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டைச் சுற்றி 15 நிமிடத் தூரத்துக்குள் ஒரு பச்சை இடத்தைத் தேடிப் பிடியுங்கள். ஆறு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். திங்கட்கிழமையே நடக்கத் தொடங்கிவிடுங்கள்.