காடும் காட்டு மக்களும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

விருத்தாசலம் வட்டாரத்தில் காடு என்றால் முந்திரிக்காடுதான் நினைவுக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார், கருகிய தளிர்களைக் கண்டே மரத்திற்கு வந்த நோயைச் சொல்லிவிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தாவரவியலின் முதற்பாடம் கற்றதோ அவரிடம். இத்தகைய அறிவுக்குக் காட்டின் நிருவாகத்தில் இடம் உண்டா என்பதை இங்கு ஆராய்வோம்.

தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டின் வறண்ட காட்டில் ‘கா-இயா’ என்னும் தேசியப் பூங்கா 1995-இல் அமைக்கப்பட்டது. பரப்பு சுமார் 34,400 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் கால் பங்கிற்கும் மேல். அங்கு வாழும் குவரானிப் பழங்குடியினரே இப்பூங்காவைக் கோரினர். அரசுடன் இணைந்து அதன் நிருவாகத்திலும் பங்கேற்றனர்.

நம் அண்டையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி, கருநாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலை உள்ளது. அங்கு வாழ்வோர் சோளகர். கோடையின் தொடக்கத்தில் சருகிற்குச் சிறு தீ வைப்பது அவர்தம் வழக்கம். சருகு குறைவதால் பின்னர் பெருந்தீ பரவாது. உண்ணிச்செடியின் நாற்றுகளும், நெல்லி மரத்தைப் பற்றும் புல்லுருவியும் அழியும் என்பர்.

1974-இல் இம்மலை சரணாலயமானது. தீ வைத்தல் தடுக்கப்பட்டது. 1997-இல் ஆய்வு செய்த இடங்களுள் 41 விழுக்காட்டில் காணப்பட்ட உண்ணிச்செடி, 2008-இல் 81 விழுக்காட்டில் காணப்பட்டது. தீத்தடையே காரணம் என்பது சோளகர் கூற்று. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் அவர்கள் கூற்று ஆய்வுக்குரியது என்பதை அறிவியலாரும் ஏற்றனர்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டைப் பாதுகாத்து நிருவகிக்கும் உரிமையைக் கிராம சபைக்கு அளித்தது. இம்மலை 2011-இல் புலிகள் காப்பகமாயிற்று. அதே ஆண்டில் சோளகரின் சமுதாய வன உரிமையும் ஏற்கப்பட்டது. இந்தியப் புலிகள் காப்பகங்களுள் இவ்வுரிமை முதலில் கிடைத்தது இங்கேதான்.

ஆயினும் உரிமைப் பத்திரம் மட்டும் போதாது. முடிவு எடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கும் இருக்கை வேண்டும். நாளை நம்மில் சிலர் வனத்துறைப் பணிக்குச் செல்லக்கூடும். அன்று மரத்தின் இலத்தீன் பெயரைச் சொல்லுமுன், அங்குள்ள முதியவரிடம் அம்மரத்தைப் பற்றிக் கேட்போமாக!