மலையை விட்டு மாடிக்கு வந்தவர்களுக்கு

திருவண்ணாமலையில் இருக்கும்வரை நடப்பதற்கும் ஏறுவதற்கும் உடற்பயிற்சி என்று யாரும் பெயர் வைப்பதில்லை. விடியலுக்கு முன் கிளம்பிக் கிரிவலமாக மலையைச் சுற்றி வந்தால் 14 கிலோமீட்டர். ரமணாசிரமத்தின் பின்வாசல் வழியாகக் கல் பாவிய பாதையில் கந்தாசிரமம் வரை ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. கழனி உள்ளவருக்கு அதுவும் தேவைப்படாது. பிறகு ஒருநாள் மகனோ மகளோ பெற்றோரைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அழைத்துப் போய்விடுகிறார்கள். ஆறாவது மாடி, வழுக்கும் டைல்ஸ், கீழே இறங்கினால் இடைவிடாத வண்டிகள். சில மாதங்களில் முட்டி பிடித்துக்கொள்கிறது, தூக்கம் கெடுகிறது, சர்க்கரை ஏறுகிறது. பிள்ளைகள் பதறிப்போய் டிரெட்மில் வாங்கிப் போடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதன்மேல் போர்வை போர்த்தியிருக்கும்.

வெளியில் நடந்தபோது எது பிடித்திருந்தது என்று யாருமே அவர்களைக் கேட்கவில்லை. பயிற்சியின் தேர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நீண்ட நடையா, ஏற்றமா, கூட வந்த ஆட்களா, கைவேலையா? பதிலைப் பொறுத்துப் பயிற்சி மாறும்.

நடை பிடித்தவர்களுக்கு டிரெட்மில்லைவிட வீட்டுக்குள் நடப்பதையே நான் சொல்வேன். கிரிவலம் அலுக்காததற்குக் காரணம், இந்திரலிங்கத்தில் தொடங்கி ஈசானியலிங்கம் வரை எட்டு இடங்களில் நின்று, கும்பிட்டு, ஒரு வாய் தண்ணீரோ சுக்குக் காபியோ குடித்து நடப்பதுதான். டிரெட்மில் பட்டையின்மேல் நடக்கும் நடையில் வந்து சேர இடமே இல்லை. எனவே வீட்டு நடையையும் எட்டாகப் பிரியுங்கள். ஹாலில் தொடங்கி அறைகள் வழியாகப் பால்கனி வரை மூன்று நிமிடம் நடை, ஒரு நிறுத்தம். எட்டு நிறுத்தத்துக்கு 24 நிமிட நடை. தினமும் செய்தால் வாரத்துக்கு 168 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்குக் கேட்பது வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு. கூட நடப்பவரிடம் பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது: வேகத்துக்கு இதுவே அளவு. பாட்டு வேண்டுமென்றால் ரமணர் பாடிய அக்ஷரமணமாலையை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள். கடிகாரம் பார்க்கிற எண்ணமே வராது. ஒரே பக்கமாகச் சுற்றாமல் பாதி நேரம் திசை மாற்றுங்கள். வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து பழகியவருக்கும் டைல்ஸில் குதிகால் வலி வரலாம். வீட்டுக்குள் மட்டும் போட மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்கிவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்ப்பதும் அவசியம்.

இடம் மிகக் குறைவென்றால் எட்டு நடை. தரையில் 8 போட்டு அதன்மேல் நடக்கும்போது இடமும் வலமும் மாறி மாறித் திரும்புகிறோம், சமநிலைக்கு நல்லது. தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இது ஆகாது.

ஏற்றம் பிடித்தவர்களுக்கு அடுக்குமாடி வீட்டிலேயே மலை இருக்கிறது. அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. ஒரு மாடிக்குச் சுமார் பத்தடி என்று வைத்தால் ஏறத்தாழ 267 மாடி. தினம் பத்து மாடி ஏறினால் ஒரு மாதத்துக்குள் மலையுச்சி உயரம் ஏறியாகிவிடும். வீட்டுச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, ஏறிய அடியைக் குறித்துக்கொண்டே வாருங்கள். பேரப்பிள்ளைகளும் கூட வருவார்கள். முட்டியை நோகடிப்பது பெரும்பாலும் இறக்கம்தான். ஆகவே ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி, இறங்கும்போது லிஃப்ட். இரண்டு மாடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குங்கள். ஊரில் இருப்பவர்களுக்கே மலை எப்போதும் கிடைப்பதில்லை. 2024 டிசம்பரில் அங்கே நேர்ந்த மண்சரிவில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு கார்த்திகைத் தீபத்துக்கு மலையேறப் பக்தர்களை அனுமதிக்கவில்லை. படி எங்கும் இருக்கிறது.

முட்டி தேய்ந்தவர்களுக்குப் படி வேண்டாம். உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள்தான் அவர்களுக்கு ஏற்றது. பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மடிந்திருக்கும்படி இருக்கையின் உயரத்தை வையுங்கள். காசு போட்டு மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் டிரெட்மில்லுக்கு முன் இதைப் பாருங்கள். கால் தடுக்கி விழும் ஆபத்தும் குறைவு.

ஆட்கள் இல்லாமல் வாடுகிறவருக்கு எந்த மெஷினும் உதவாது. குடியிருப்பின் சமூகக் கூடத்தில் நாலைந்து பெண்கள் சேர்ந்தால் கும்மி அடிக்கலாம். அதிலும் சுற்றித்தான் வருகிறோம். குனிந்து நிமிர்ந்து, கை தட்டி, பாட்டோடு. கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. வயது ஏறிவிட்டது என்று ஒதுங்குகிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

கழனி வேலையை விட்டு வந்தவர்கள் இழப்பது குந்தி உட்கார்ந்து எழும் பலத்தை. களை பறித்த உடம்புக்கு வெறும் நடை போதாது. கை வைக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதும், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவதும் வாரம் இரண்டு நாளாவது இருக்கட்டும். 65 வயதுக்கு மேல் சமநிலைப் பயிற்சி வாரம் மூன்று நாள் தேவை. சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பதிலிருந்து தொடங்கலாம்.

கிரிவலப் பாதையில் குபேரலிங்கம் தாண்டி இடுக்குப் பிள்ளையார் சந்நிதிக்குள் உடம்பை ஒருக்களித்து நுழைந்து வந்தவர்களுக்கு வளைவின் சுகம் தெரியும். அவர்களுக்கு யோகா. ஆனால் வீடியோவைப் பார்த்துச் சூரிய நமஸ்காரத்தில் இறங்காதீர்கள். ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருந்தால் தலை தாழ்த்திச் செய்யும் நிலைகள் ஆகாமல் போகலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் இருக்கிறது. ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றித் தருவது அந்த மரபு. கயிறு தாண்டுவதையும் கர்லாக்கட்டையையும் மாடி வீட்டில் விட்டுவிடலாம். கீழ்வீட்டுக்காரருக்கும் மின்விசிறிக்கும் ஆகாது.

நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் படியில் கால் வைக்க வேண்டாம். பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன்: மெஷினுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் அம்மா அப்பாவோடு நீங்களும் நடந்து பாருங்கள், படியேறிப் பாருங்கள். அதன்பிறகு எதை வாங்கலாம் என்பதை அவர்களே சொல்லட்டும்.