வெல்வெட்டுப் புழுவும் பூச்சி வர்க்கத்தின் பூர்வமும்

நெளிந்து செல்வனவற்றையெல்லாம் 'புழு' என்னும் ஒரே பெயரால் வழங்குவது நாட்டு வழக்கம். நிலத்தைப் பண்படுத்தும் மண்புழுவும் புழு. இலையைத் தின்னும் கம்பளிப்புழுவும் புழு. வேரைத் தாக்கும் நூற்புழுவும் புழு. உருவத்தை மாத்திரம் கொண்டு உறவைத் தீர்மானிப்பது எவ்வளவு பிசகாகும் என்பதற்கு வெல்வெட்டுப் புழு தக்க திருஷ்டாந்தமாகும்.

இது பெரும்பாலும் ஓரிரண்டு அங்குல நீளமுள்ள மெல்லிய ஜந்து. தோல் வெல்வெட்டுத் துணியை ஒத்தது. ஜாதிக்குத் தக்கவாறு 13 முதல் 43 ஜோடி வரை கணுவற்ற குட்டைக் கால்களும், அவற்றின் நுனியில் நகங்களும் உண்டு. சுவாசத் துவாரங்களை மூடும் சக்தி இல்லாமையால் உடலின் ஈரம் விரைவில் வற்றிவிடும். ஆதலின் மக்கிய மரக்கட்டை, ஈரச் சருகு இவற்றின் அடியில் வசிக்கும். இரவில் வெளிப்பட்டு, வாயின் இருபுறமிருந்தும் பசையைப் பீச்சிச் சிறு பூச்சிகளைப் பிணித்து உண்ணும். இந்தியாவில் சியாங் பள்ளத்தாக்கில் 1911-12-இல் ஸ்டான்லி கெம்ப் என்பவர் ஒரு ஜாதியைக் கண்டெடுத்தார். அவ்விடம் இப்போது அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்தது.

1826-இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இதை முதன்முதல் வருணித்த கில்டிங் பாதிரியார், இதனை நத்தை வர்க்கத்தில் சேர்த்தார். 1874-இல் மோஸ்லி என்பவர், பூச்சிகளுக்கு உள்ளவை போன்ற காற்றுக்குழல்கள் இதற்கும் உண்டெனக் கண்டார். உடற்சுவரும் கழிவுறுப்புகளும் மண்புழுவினுடையவற்றை ஒத்திருந்தமையால், மண்புழுவுக்கும் பூச்சிக்கும் இடையிலுள்ள பாலம் இதுவே என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் போதித்தன.

1997-இல் ஜீன்களை ஒப்பிட்ட ஆராய்ச்சி அக்கருத்தை மாற்றியது. வளரும்போது தோலுரிக்கும் பிராணிகள் ஒரு பெருங்குலம். நூற்புழு, வெல்வெட்டுப் புழு, பூச்சி, நண்டு யாவும் அதில் அடங்கும். தோலுரிக்காத மண்புழு வேறு குலத்தது.

கானடாவின் பர்ஜஸ் பாறைகளில் சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடற்பிராணிகளின் அச்சுகள் உள்ளன. அவற்றுள் ஹாலுசிஜீனியா என்பதை 1977-இல் தலைகீழாக வைத்து, முதுகு முட்களைக் கால்களென்று கொண்டனர். 1991-இல் அப்பிழை திருத்தப்பட்டது. அதன் நகம் அடுக்கடுக்காக அமைந்திருப்பது வெல்வெட்டுப் புழுவின் தாடையை ஒத்ததென 2014-இல் காட்டப்பட்டது.

இவ்வுறவு குடியானவர்க்கும் பயன்படும். வேப்பங்கொட்டைச் சாறு இலை தின்னும் பூச்சிப் புழுக்களின் தோலுரித்தலைக் கெடுத்து அவற்றை மாளச் செய்கிறது. மண்புழுவுக்கோ அப்பருவமே இல்லை. ஆகையால் புழுவைக் கண்டவுடன் மருந்தை எடுப்பதற்குமுன், அது எக்குலத்ததென்று அறிதல் நலம்.